பதினாறு வயதில் கழுத்து வலி: எலும்புத் தேய்மானமா?

கேள்வி: கீழ்க்கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு வயது 16. மூன்று மாதங்களாகக் கழுத்தின் வலப்பக்கம் வலிக்கிறது என்கிறாள். வலி தோள்பட்டை வரை இறங்குகிறது; மாலையில் பின்தலை கனத்துத் தலைவலியாகிறது. விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் மட்டும் குறைவாக இருக்கிறது. பள்ளிக்கு ஒரு மணி நேரம் பஸ், பெரும்பாலும் நின்றுகொண்டுதான். இரவு பத்தரை வரை போனில் நீட் வகுப்பு, அதன் பிறகு வீட்டுப்பாடம், காலை ஐந்து மணிக்கு எழுகிறாள். சனி, ஞாயிறுகளில் இலை மூட்டை தூக்க எங்களுக்கு உதவுவாள். எக்ஸ்ரே எடுத்ததில் கழுத்தெலும்பின் வளைவு நேராகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள் (நகல் இணைத்துள்ளேன்). 'இந்த வயதிலேயே தேய்மானம்' என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மூன்று வாரமாகக் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறாள்; கழற்றினால் வலி கூடுகிறது. எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்று அவள் அப்பா தினமும் சத்தம் போடுகிறார். பனிக்காற்று பட்டதுதான் காரணம், சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போ என்கிறார் என் மாமியார். வாலிபால் விளையாடுவதை நிறுத்திவிட்டோம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? இது வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுமா? – ஒரு தாய், நீலகிரி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது எக்ஸ்ரே அறிக்கையின் ஒரே ஒரு வரி என்பதால், இயன்முறை மருத்துவன் என்ற முறையில் அதிலிருந்தே தொடங்குகிறேன். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவை முன்பக்கமாக மெல்ல வளைந்த ஒரு கோட்டில் அடுக்கப்பட்டிருக்கும். படம் எடுக்கும்போது மோவாயைச் சற்றே தாழ்த்தி நின்றாலும், வலியால் தசைகள் இறுகியிருந்தாலும் அந்த வளைவு படத்தில் நேராகத் தெரியும். வலியே அறியாத பிள்ளைகள் பலருக்கும் படம் எடுத்தால் இதே வரிதான் அறிக்கையில் வரும். ஆகவே அது படத்தில் கண்டதைச் சொல்லும் வருணனை மட்டுமே. அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேய்மானம் என்று மருத்துவர்கள் சொல்வது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர்ப்பற்றுக் குறைந்து தாழ்வதையும், எலும்பின் விளிம்புகள் தடித்து வளர்வதையும். அது வயது ஏற ஏற வரும் மாற்றம். நீங்கள் அனுப்பிய நகலில் வட்டு இடைவெளி குறைந்ததாகவோ விளிம்பு வளர்ந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. எலும்புகளின் உயரமும் வரிசையும் இயல்பாக உள்ளன என்றே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்குத் தேய்மானம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தன் கழுத்தெலும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பும் பிள்ளை கழுத்தைத் திருப்பவே அஞ்சுகிறது. உடம்போடு சேர்த்துத் திரும்புகிறது, ஓடுவதை விடுகிறது, தோளை எப்போதும் இறுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த அச்சமே தசைகளை மேலும் இறுக்கி, சில வாரங்களில் அடங்கியிருக்க வேண்டிய வலியை மாதக்கணக்கில் நீட்டிவிடுகிறது. என்னிடம் வரும் பதின்வயதுப் பிள்ளைகளில் வலியைவிட அந்த ஒரு சொல்லால் அதிகம் துன்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே அவளை அருகில் உட்காரவைத்து, உன் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். சிகிச்சையின் முதல் படி அதுதான்.

இந்த வயதினரின் கழுத்து வலியில் மிகப் பெரும்பகுதி தசைகளையும் சிறு மூட்டுகளையும் சார்ந்தது, ஆபத்தற்றது. ஆயினும் நாள் கடத்தக் கூடாத சில நோய்களும் கழுத்து வலியாகவே தலைகாட்டும் என்பதால், அவற்றை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, மோவாயை நெஞ்சில் தொட முடியாமல், கடும் தலைவலியும் வாந்தியும், வெளிச்சம் பட்டால் கண் கூசுவதும் சேர்ந்து வந்தால் அது மூளையுறை அழற்சியாக இருக்கக்கூடும். இரவு என்றும் பாராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மரத்திலிருந்தோ படியிலிருந்தோ விழுந்த பிறகு, அல்லது வண்டியில் அடிபட்ட பிறகு வந்த வலி என்றால், கழுத்தை அசையவிடாமல் படுக்கவைத்தே அழைத்துச் செல்ல வேண்டும். கையிலோ காலிலோ பலம் குறைவது, விரல்கள் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தொண்டைப் புண் வந்து ஆறும் சமயத்தில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நேராக்க முடியாமல் நின்றுவிட்டால், அதைச் சுளுக்கு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

மெதுவாக வருபவை வேறு வகை. மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, கழுத்தோரம் கட்டி தட்டுப்படுவது ஆகியவை காசநோயின் அடையாளங்களாக இருக்கலாம். நம் நாட்டில் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இருமலே இல்லாமல் கழுத்து நெறிகளையும் முதுகெலும்பையும் தாக்கும். எந்த நிலையில் படுத்தாலும் குறையாமல், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து இரவுதோறும் எழுப்பிவிடும் வலியையும் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைப்பு நீடித்து, விரல் மூட்டும் முழங்காலும்கூட வீங்கினால் சிறார் மூட்டழற்சியா என்று சோதிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. வலி நாள் முழுதும் ஏறி மாலையில் உச்சமடைகிறது, நன்றாகத் தூங்கிய மறுநாள் இறங்குகிறது. இது களைத்துப்போன தசையின் நடத்தை. ஆகவே இப்போது எம்.ஆர்.ஐ. தேவையில்லை. மேலே சொன்ன அடையாளங்களில் ஏதேனும் தோன்றினாலோ, முறையான பயிற்சி செய்தும் ஆறு முதல் எட்டு வாரங்களில் சற்றும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, மருத்துவர் நேரில் சோதித்துப் பார்த்து அதை முடிவு செய்யட்டும். காரணமின்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இன்னும் இரண்டு வரிகளைக் கண்டுபிடித்துத் தரும். அந்த வரிகளும் உங்களைத் தூங்கவிடாது.

இனி காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எதுவும் தனியே முழு உண்மையாக இல்லை.

செல்போனை முதலில் எடுத்துக்கொள்வோம். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. 2014-இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது 27 கிலோ அளவுக்கு விசை ஏறுகிறது என்று கணக்கிட்டார். அந்த எண்தான் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் கணவரும் அதைப் பார்த்திருக்கக்கூடும். அது கணக்கீடு, பிள்ளைகளின் கழுத்தில் அளந்து பெற்றதன்று, கழுத்து கெட்டுப்போகும் என்று நிறுவியதும் அன்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 17 வயதினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உட்காரும் நிலையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. கூனி உட்காருபவர்களுக்கும் நிமிர்ந்து உட்காருபவர்களுக்கும் கழுத்து வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. குனிவதே குற்றம் என்றால் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து எழுதியும் தைத்தும் வந்தவர்கள் எல்லாரும் நோயாளிகளாக இருந்திருக்க வேண்டும். ஒரே நிலையில் அசையாமல் நெடுநேரம் இருப்பதுதான் தசையைக் களைக்கவைக்கிறது. போன் அந்த அசையாமைக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, அதைவிடத் தூக்கத்தைத் திருடுகிறது. உங்கள் மகள் போனில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி பாடம் என்பதையும் அவள் அப்பா நினைவில் கொள்ள வேண்டும். அவள் படிப்பதற்காகத் திட்டு வாங்குகிறாள்.

உங்கள் மாமியார் சொல்லும் பனிக்காற்றையும் நான் தள்ளிவிட மாட்டேன். குளிர் எலும்பைக் கெடுப்பதில்லை, கழுத்துக்குள் காற்று புகுந்து தங்குவதும் இல்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் நம் ஊரில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். மேசையும் நாற்காலியும் ஓரமாகக் கிடக்க, கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முதுகைச் சுவரில் பாதி சாய்த்து, மோவாய் நெஞ்சில் இடிக்க, இரண்டு கைகளாலும் போனைப் பிடித்தபடி மணிக்கணக்கில் சுருண்டிருக்கிறார்கள். கையை வெளியே நீட்டினால் குளிரும் என்பதால் நிலையை மாற்றுவதும் இல்லை. தோள்கள் காதை நோக்கி ஏறியே இருக்கின்றன. சமவெளியில் வளரும் பிள்ளைகளைவிட நம் மலைப் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கத்தை நான் அதிகம் காண்கிறேன்.

பஸ் பயணத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், வலி வலப்பக்கம் மட்டுமே இருப்பதற்கு அதில் ஒரு விளக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வலக்கையால் மேல்கம்பியைப் பிடித்து, அதே தோளில் பையின் ஒற்றைப் பட்டையை மாட்டி, ஒவ்வொரு வளைவிலும் உடலைச் சமன் செய்துகொண்டு ஒரு மணி நேரம் நிற்கும்போது, கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல் மூலைக்கு இறங்கும் தசை விடாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. மாலையில் திரும்பும்போது மீண்டும் ஒரு மணி நேரம். அவளை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த மூலையைத்தான் காட்டுவாள் என்று நினைக்கிறேன். பையை இரண்டு தோளிலும் மாட்டுவதும், பஸ்ஸில் ஏறியதும் அதைக் கழற்றி உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பதும், கம்பி பிடிக்கும் கையை வழியில் மாற்றிக்கொள்வதும் சிறிய மாற்றங்கள்தான், ஆனால் நாளுக்கு இரண்டு முறை பலன் தருபவை.

பையின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 11, 12-ஆம் வகுப்புகளுக்கு 3.5 முதல் 5 கிலோ வரை. வீட்டில் இலை நிறுக்கும் தராசு இருக்குமே, அதில் ஒரு நாள் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். குடை, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் சேர்ந்து எவ்வளவு வருகிறது என்பது தெரியும். பையின் எடை மட்டுமே கழுத்து வலியை உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே வலிக்கும் தோளுக்கு அது கூடுதல் சுமை என்பதில் ஐயமில்லை. இலை மூட்டையைத் தலையில் ஏற்றி மேட்டில் நடப்பதை மட்டும் அடுத்த ஆறு வாரங்களுக்கு அவள் செய்ய வேண்டாம். பறிக்கலாம், நிறுக்கலாம், கணக்கு எழுதலாம். வலி தணிந்த பிறகு சிறிய மூட்டையில் தொடங்கி மெதுவாகப் பழைய வேலைக்குத் திரும்பலாம். உழைப்பு அவள் உடம்புக்குக் கெடுதல் செய்யாது.

நான் மிகவும் கவலைப்படுவது அவளுடைய தூக்கத்தைப் பற்றித்தான். பத்தரைக்கு வகுப்பு முடிந்து, வீட்டுப்பாடம் எழுதி, ஐந்து மணிக்கு எழுகிறாள் என்றால் அவள் தூங்குவது ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஆறு. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் தசைகள் ஓய்வு பெறுவதில்லை என்பது மட்டுமன்று, மூளை வலியை உணரும் வாசலே தாழ்ந்துவிடுகிறது. நேற்று பொருட்படுத்தாத இழுப்பு இன்று தாங்க முடியாத வலியாகிறது. விடுமுறையில் தூங்கி எழுந்தால் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்கு எக்ஸ்ரேயைவிட அதிகம் சொல்கிறது. நீட் வகுப்பை விடச் சொல்லவில்லை. நேரலையாக வரும் வகுப்பைப் பதிவாகச் சனிக்கிழமை பார்க்க முடியுமா, வாரத்தில் இரண்டு நாளாவது ஒன்பதரைக்கு விளக்கை அணைக்க முடியுமா என்று மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். தூக்கத்தை வெட்டிப் படித்த பாடம் நினைவிலும் நன்றாகத் தங்குவதில்லை.

இதனோடு தேர்வு பயமும் சேரும். இந்த வயதில் கழுத்து வலி பையன்களைவிடப் பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது; மனச்சுமையும் கழுத்து வலியும் ஒன்றையொன்று வளர்ப்பதும் அறியப்பட்டதுதான். வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அவள் வலி உண்மையானது. முன்பு விரும்பியவற்றில் எல்லாம் ஆர்வம் இழந்து, தோழிகளோடு பேசாமல் ஒதுங்கி, அடிக்கடி அழுகிறாள் என்றால், குற்றம் சாட்டாமல் தனியே கேளுங்கள். தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

பலரும் மறந்துபோகும் ஒன்று கண். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை கரும்பலகையைப் படிக்க மோவாயை முன்னே நீட்டிக் கண்களை இடுக்குகிறது, நாள் முழுதும் அப்படியே உட்கார்ந்துவிட்டு மாலையில் தலைவலி என்கிறது. அவள் கண் பரிசோதனை செய்து எத்தனை காலமாயிற்று என்று பாருங்கள். அரசுப் பள்ளி என்றால் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். பின்தலை வலிக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சந்திப்பதால், கழுத்தில் பிறக்கும் வலி தலையிலும் சில சமயம் கண்ணுக்குப் பின்னாலும் உணரப்படும். கழுத்து சரியானால் அதுவும் அடங்கும்.

இப்போது என்ன செய்வது என்று பார்ப்போம். முதலில் கழுத்துப் பட்டை. இத்தகைய வலிக்கு அது வேண்டியதே இல்லை. மாவுக்கட்டு பிரித்த கை எப்படி மெலிந்தும் விறைத்தும் இருக்குமோ, பட்டைக்குள் வாரக்கணக்கில் இருந்த கழுத்துத் தசைகளும் அப்படித்தான் ஆகின்றன. அதனால்தான் கழற்றியதும் வலி கூடுகிறது. பட்டை இல்லாமல் அவளால் முடியாது என்பதற்கு அது சான்றாகாது. ஆனாலும் மூன்று வாரம் போட்டதை ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். முதல் இரண்டு நாள் சாப்பிடும்போதும் வீட்டில் நடமாடும்போதும் கழற்றட்டும், அடுத்து படிக்கும்போதும், பிறகு பள்ளியிலும், கடைசியாகப் பஸ்ஸிலும். பத்து நாட்களுக்குள் முழுவதும் விட்டுவிடலாம். தூங்கும்போது இன்றிலிருந்தே வேண்டாம்.

காலையிலும் இரவிலும் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் தோளிலும் 15 நிமிடம் வைக்கலாம். சூடு இறுக்கத்தைத் தளர்த்தும். அசைவுப் பயிற்சிக்கு அதுவே நல்ல நேரம். நீலகிரித் தைலம் தடவுவதும் இதம் தரும். தைலம் தடவிய இடத்தின் மேல் சூடு வைத்து இறுகக் கட்டினால் மட்டும் தோல் வெந்துவிடும், ஆகவே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்ய வேண்டாம்.

பயிற்சிகளை எளிமையாகவே தொடங்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பதுபோல் தலையை மெதுவாக வலத்துக்கும் இடத்துக்கும் திருப்ப வேண்டும். பக்கத்துக்குப் பத்து முறை, காலையும் மாலையும், இலேசாக இழுக்கும் இடம் வரை. பிறகு முதுகையும் பின்தலையையும் சுவரில் சாய்த்து, தலையை மேலே தூக்காமலும் தாழ்த்தாமலும் மோவாயைப் பின்னோக்கி இழுத்து, பின்தலையால் சுவரை மென்மையாக ஐந்து விநாடி அழுத்தி விட வேண்டும். இதுவும் பத்து முறை. கழுத்தின் முன்புறம் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகளுக்கு இது வேலை கொடுக்கிறது. நெடுநாள் வலியில் முதலில் சோர்ந்துபோவது அவைதாம். ஒரு வாரம் கழித்து, தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, மோவாயை உள்ளிழுத்தபடியே தலையை இரண்டு விரல் அளவு மட்டும் உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்தப் பழகலாம்.

கழுத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்து நிறுத்துவது பாதி மருத்துவம்தான். கழுத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்வது தோள்பட்டையைச் சுற்றிய தசைகள். ஜன்னல் கம்பியில் உடற்பயிற்சி எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகளை உடலை ஒட்டிப் பின்னால் இழுத்து, இரு தோள்பட்டை எலும்புகளையும் நெருக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்யட்டும். பன்னிரண்டு முறை இழுத்துச் சற்று ஓய்ந்து, அதுபோல் மூன்று சுற்று. சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுப்பதும் நல்லது. பயிற்சியால் சற்றே வலி கூடி, இரவுக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். மறுநாள் காலை வரை நீடித்தால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. இவற்றை ஒரு முறையாவது இயன்முறை மருத்துவர் ஒருவர் முன்னிலையில் செய்து காட்டுவது நல்லது. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வர முடியாவிட்டால், கோத்தகிரி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

படிக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். கட்டிலைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து, கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு, காலுறை போட்டுக்கொண்டு படிக்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல், நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சாய்த்து வைத்தால் போதும். அப்படியும் எந்த நிலையும் அரை மணிக்கு மேல் நல்லதன்று; எழுந்து அடுப்படி வரை போய் வரட்டும். இரவில் ஒரே தலையணை. பக்கவாட்டில் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்தை அது நிரப்பினால் சரியான அளவு. கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஈரம் உலர்ந்த தலையணை குளிர்காலத்தில் சுகமாகவே இருக்கும்.

சுளுக்கு எடுப்பது பற்றி நான் உறுதியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் தேய்த்து மென்மையாக நீவிவிடுவதற்கு நான் எதிரியல்லன். தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடுக்குவதை மட்டும், யார் செய்தாலும், சலூன் நாற்காலியில் ஆனாலும், அனுமதிக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு குழாய்கள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. அந்தச் சொடுக்கில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் வந்திருக்கிறது. உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பேத்தியின் மேல் உள்ள அன்பால் சொல்கிறவர், கேட்டுக்கொள்வார்.

மாத்திரை என்றால், வலி மிகுந்த நாளில் மட்டும் பாராசிட்டமால் போதும். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. 45 கிலோ எடை இருந்தால் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. கல்லீரல் நோயோ வேறு மருந்துகளோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மாதத்தில் பாதி நாட்கள் வலி மாத்திரை எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளும், ஒவ்வொரு முறையும் போடச் சொல்லும் வலி ஊசியும் வேண்டாம். வைட்டமின் டி குறைவும் தசை வலி தரக்கூடும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதற்கான ஊசியோ அதிக அளவு மாத்திரையோ எடுக்கக் கூடாது.

இது வாழ்நாள் முழுவதும் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் கணிசமாகத் தணியும். தேர்வு நெருங்கும்போதோ தூக்கம் கெடும்போதோ ஓரிரு முறை திரும்பி வரவும் கூடும். அப்போது புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்சாமல், இதே பயிற்சிகளை மறுபடி தொடங்கினால் போதும். வாலிபாலை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பஸ்ஸிலும் வகுப்பிலும் கட்டிலிலும் நாளைக் கழிக்கும் உங்கள் மகளுக்கு அந்த அறுபது நிமிடத்தைத் தந்துகொண்டிருந்தது அந்த விளையாட்டு மைதானம்தான். பட்டையைக் கழற்றிய வாரமே மைதானத்துக்குப் போய் ஓடட்டும், பந்தைக் கீழிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். அண்ணாந்து அடிக்கும் ஸ்மாஷையும் தலைக்கு மேல் போடும் சர்வீஸையும் மூன்றாவது வாரத்திலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து, வலி எவ்வளவு குறைந்தது என்பதோடு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், எதையெல்லாம் மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.